இடச்சிறகு, வலச்சிறகு

இறகைக் கையில் வாங்கினால் அந்த மனிதர் அதைப் பார்க்கவே மாட்டார். எங்கேயோ சாமைக் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவு. பிறகு கீழுதட்டில் வைத்து ஒரு தடவு. அவ்வளவுதான். "எடது" என்று இந்தப் பக்கம் போடுவார். "வலது" என்று அந்தப் பக்கம் போடுவார். எதற்கும் ஆகாதது என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார், முதுகுக்குப் பின்னால் வீசிவிடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குப்பை இருந்தது. அதில் பாதி நான் கொண்டுபோய்க் கொடுத்த இறகுகள்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரிலும் யாரும் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. புதூர்நாட்டுப் பக்கம் எறகுக்காரர் என்றால் போதும், கையை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். அம்புக்கு இறகு கட்டித் தரும் அந்த மனிதரால் ஒரு அம்புகூட எய்ய முடியாது. வாலிப வயசில் கரடி அடித்து இடது தோள் இறங்கிப்போயிருந்தது. வில்லைப் பிடித்தால் கை நடுங்கும். என்னைவிட ஏழெட்டு வயசுதான் பெரியவர். ஆனால் அவர் எதிரில் உட்காரவே எனக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால், அவர் சொல்வது எப்போதும் சரியாக இருந்து தொலைக்கும்.

மலைக்கு ரோடு வெட்ட ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. துப்பாக்கி வெடித்தால் காட்டு இலாகா கார்டு அரை நாளில் வந்து நிற்பான். ஆகையால் பன்றிக்கு வில்தான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி ஒரு கூட்டம் இறங்கினால் போதும், ஒரு வீட்டின் வருஷச் சோறு போய்விடும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை ஊரே சேர்ந்து விரட்டு வேட்டை. பாதிப் பேர் ஓடைப் பக்கமிருந்து தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டு விரட்டி வருவார்கள். மீதிப் பேர் எதிர்ப்பக்கம் புதரில் வில்லோடு காத்திருப்பார்கள். பன்றி நடுவில். நீங்களே யோசித்துப் பாருங்கள், பன்றிக்கு அந்தப் பக்கம் நிற்பது நம்ம ஆள். அம்பு நேராகப் போனால் பன்றி மேல் படும், இல்லாவிட்டால் மண்ணில் குத்தும். ஆடிக்கொண்டு போனால் யார் வீட்டில் இழவு விழும் என்று யாருக்கும் தெரியாது.

அம்பு ஆடுவதும் ஆடாததும் இறகில் இருக்கிறது. பறவையின் இடச்சிறகில் முளைத்த இறகு ஒரு பக்கமாக வளைந்திருக்கும், வலச்சிறகில் முளைத்தது மறுபக்கமாக வளைந்திருக்கும். அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கத்து இறகாக இருந்தால் அம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நேராகப் போகும். இரண்டு இடது ஒன்று வலது என்று கலந்துவிட்டால் கள்ளுக் குடித்தவன் நடைதான். அதனால் வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊரில் உள்ள எல்லா அம்பும் எறகுக்காரர் முன்னால் போக வேண்டும். தடவிப் பார்த்துச் சரியென்றால் இறகுக்கு அடியில் மஞ்சள் நூல் ஒரு கட்டு. மஞ்சள் நூல் இல்லாத அம்பு வேட்டைக்கு வரக்கூடாது. இது ஊர்க்கட்டு.

"சரி" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நூலைக் கட்டினால் சரி, அவ்வளவுதான். கட்டாவிட்டால் ஒரே ஒரு பேச்சு: "மறுக்கா பாரு."

மழை மாசத்துக்குக் கழுகு இறகு வேண்டும் என்பார், நனைந்தாலும் ஒட்டிக்கொள்ளாதாம். மற்ற நாளுக்கு மயில். மயிலென்றால் தோகை இல்லை, சிறகில் இருக்கும் பழுப்பு இறகு. ஆந்தை இறகு சத்தமே போடாது, ஆனால் இரண்டாம் முறைக்குத் தாங்காது. ஒருமுறை நான் கழுகுக்கும் மயிலுக்கும் அலையச் சோம்பல்பட்டு எங்கள் சேவலின் இறகைக் கொண்டுபோனேன். நல்ல பளபளவென்று இருந்தது. வாங்கித் தடவக்கூட இல்லை.

"கோழி பறக்குதாடா?" என்றார்.

"கூரை வரைக்கும் பறக்கும்ணா."

"அப்ப கூரை மேல பன்னி வந்தா சொல்றேன். கொண்டா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது எரிந்தது. என்ன வாய் ஐயா அது! அவர் சேவல் இறகைப் பின்னால் வீசினார். நான் வெட்கத்தோடு வெட்கமாக, கிளம்பும்போது அவர் பின்னால் போய் அந்தக் குப்பையிலிருந்து என் இறகுகளைப் பொறுக்கிக்கொண்டேன். சேவல் இறகை மட்டுமில்லை, அவர் கழித்துப்போட்ட மயில், கழுகு எல்லாவற்றையும். வீட்டுப் பரணில் கட்டி வைத்தேன். இவருக்கு ஆகாதது எனக்கு ஆகும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்புதான் பிறகு என்னைக் குழியில் தள்ளியது.

என்னிடம் மட்டும்தான் இப்படி என்றில்லை. ஊர்க்கவுண்டர் ஒருமுறை தோகை இறகை நறுக்கி அம்பில் ஒட்டிக்கொண்டு வந்தார். பச்சையும் நீலமுமாகக் கண்ணைப் பறித்தது. கவுண்டர் சொன்னால் மழை பெய்யாது, மற்றதெல்லாம் நடக்கும், அப்படிப்பட்ட ஆள். நாற்பது பேர் பார்க்க, எறகுக்காரர் அந்த அம்பைத் திருப்பி நீட்டினார்.

"கவுண்டரே, இத்த காவடிக்குக் கட்டுங்க. அம்புக்கு ஆவாது."

கவுண்டரும் சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது. அந்த வருஷம் அவருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்து வேட்டைக்கு வரவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். இறகைப் பூச்சி அரிக்காமலிருக்க வசம்புத் துண்டுகளோடு கட்டி வைப்பார், அதனால் அவர் மேலும் அவர் கொல்லைக் கோழி மேலும்கூட வசம்பு வாசம் அடிக்கும். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, என் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரிப்பாள்: "கல்யாணமான புதுசுல எங் கைய ரெண்டையும் புடிச்சாருடி. ஆசையாத்தான் புடிக்கிறாருன்னு பாத்தா, எடது வலது ஒரே மாதிரி இருக்குதான்னு பாக்கறாரு!" கேழ்வரகை அவள் புடைத்து வைத்தால் அவர் ஒரு பிடி அள்ளி இரண்டு கல் எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்குப் பேசாமல் திட்டியிருக்கலாம் என்பாள் அவள்.

எனக்குப் பெண் பேசி முடித்தபோதும் வந்து சொன்னார்: "மறுக்கா பாத்துக்கோ."

"பொண்ணுக்கு இன்னாணா கொறச்சல்?"

"பொண்ணுக்குக் கொறச்சல்னு எவன் சொன்னான்? உன் வாயச் சொன்னேன். அத்த அடக்கிகினா குடும்பம் நிக்கும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் யார் எனக்குச் சொல்ல? ஆனால் அதுவும் சரியாக இருந்து தொலைத்தது.

எங்கள் நிலத்துக்கும் மாமனார் நிலத்துக்கும் நடுவில் ஒரு பலாமரம். வேர் எங்கள் பக்கம், கிளை அவர்கள் பக்கம். என் மச்சான், என் பெண்டாட்டியின் தம்பி, பத்தொன்பது இருபது வயசுப் பையன், மூன்று பழத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று பழம்! அதற்குப் போய் நான் ஊர்க்கிணற்றுப் பக்கம் இருபது பேர் நடுவில் நின்று கத்தினேன்: "இன்னொரு தபா மரத்துல ஏறு, உன் கால ஒடிக்கல நான் எங்கப்பனுக்குப் பொறக்கலடா!" பெண்டாட்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவளையும் உதறிவிட்டேன். எறகுக்காரர் அங்கேதான் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அது நடந்து பத்தாம் நாள் வேட்டை.

முந்தின சாயங்காலம் என் நாலு அம்புக்கும் மஞ்சள் நூல் கட்டியாகிவிட்டது. விடிந்து பார்த்தால் அதில் ஒன்றை எலி கடித்திருந்தது. மூன்று இறகில் ஒன்று பாதிக்குமேல் காணோம். மற்ற மூன்று அம்பு போதாதா? போதும். ஆனால் எலி கடித்த அம்பில்தான் நல்ல கனமான இரும்பு முனை. அதை விட்டுப்போக மனசில்லை. எறகுக்காரர் வீடு எதிர்ச் சரிவில் இருந்தது. போய் எழுப்பினால், "எலி இருக்கற எடத்துல அம்ப வெச்சவன் வேட்டைக்கு இன்னாத்துக்கு?" என்று ஆரம்பிப்பார். அவர் வாயில் விழ வேண்டாம் என்று பரணில் ஏறி, அவர் கழித்துப்போட்ட இறகுக் கட்டைப் பிரித்தேன். நிறத்தைப் பார்த்தேன், நீளத்தைப் பார்த்தேன், ஒத்துப்போன மயிலிறகு ஒன்றை எடுத்தேன். நுனியில் பூச்சி கடித்த சின்னப் பள்ளம் இருந்தது. அதனால் என்ன? எலி விட்ட மீதி இறகைச் சுரண்டிவிட்டு, அரக்கை உருக்கி இதை ஒட்டி, பழைய மஞ்சள் நூலையே அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். எந்தப் பக்கத்து இறகு என்று பார்க்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெயில் ஏறும்போது தகரச் சத்தம் நெருங்கி வந்தது. உண்ணிப் புதரை உடைத்துக்கொண்டு ஒரு கடாப்பன்றி நேராக என் எதிரில் வந்து நின்றது. மூச்சுக்கூட விடாமல் இழுத்து விட்டேன். விட்டதுமே தெரிந்துவிட்டது. அம்பின் வால் ஆடியது. என் கண்ணெதிரிலேயே அது பன்றியை விட்டு விலகி, வளைந்து, புதருக்கு அந்தப் பக்கம் போனது. பன்றி ஓடிவிட்டது.

"யம்மா!" என்று ஒரு சத்தம். மனுஷச் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் என் மச்சான். தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, என் அம்பு. தகரம் பக்கத்தில் கிடந்தது. அவன் என்னைத்தான் பார்த்தான். "மாமா, பழத்துக்காவா?" என்று கேட்டான். கடவுளே, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

கம்பளியில் தூளி கட்டி அவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மரத்திலிருந்து விழுந்து கம்பு குத்திவிட்டது என்று அங்கே சொல்லிக்கொண்டார்கள், போலீஸ் வரைக்கும் போகக்கூடாது என்று. ஆனால் ஊரில் இதற்கு முடிவு தெரிய வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். வேண்டுமென்று எய்தான் என்று ஆனால் என்னை ஊரை விட்டுத் தள்ளி வைப்பார்கள். பெண்டாட்டியும் குழந்தையும் மாமனார் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் பங்காளிகள் சும்மா இருக்கமாட்டார்கள், அவர்கள் பங்காளிகளும் சும்மா இருக்கமாட்டார்கள். எல்லோர் வீட்டிலும் வில் இருந்தது.

அந்த இரண்டு நாளும் என் பெண்டாட்டி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள்.

"வேணும்னு எய்தியா?"

"இல்ல."

"கொழந்த மேல சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப இன்னாதான் ஆச்சு?"

"தெரியல" என்றேன். தெரியலையாம்! என்னத்தைச் சொல்வேன்? காலை ஒடிப்பேன் என்று இருபது பேர் எதிரில் கத்தியவன், வேட்டை அன்று காலையில் யாருக்கும் தெரியாமல் அம்பைத் திருத்தி, மஞ்சள் நூலையும் தானே சுற்றிக்கொண்டு போனான், அந்த அம்பு மச்சான் காலில் போய் நின்றது என்று சொன்னால், எந்தப் பைத்தியக்காரன் அதைத் தற்செயல் என்பான்? நானே நம்பமாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் காளி கோயில் முன்னால் ஊர் கூடியது. நடுவில் ஒரு முறத்தில் என் அம்பு. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஒரு பக்கம் மாமனாரும் அவர் ஆட்களும், இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். என் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவாக நின்றாள். அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

"சொல்லு மாப்ள" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பன்னியப் பாத்துத்தாங்க வுட்டேன். அம்பு ஆடிடுச்சு."

மாமனார் எழுந்துவிட்டார். "ஆடிடுச்சா? பத்து நாள் முன்னால உன் வாய் ஆடுச்சே, அத்த சொல்லு! கால ஒடிப்பேன்ன, ஒடிச்சுட்ட! எம் பொண்ணு இன்னிக்கே எங்க வூட்டுக்கு வர்றா!"

"எய்தவன் இருக்க அம்ப நோவானேன்" என்றார் கவுண்டர். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. எங்கள் சித்தப்பன் மகன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். அந்தப் பக்கமும் நாலு பேர் எழுந்தார்கள்.

அப்போது யாரோ, "நூல் கட்டுனவர கேளுங்கப்பா" என்றார்கள்.

எறகுக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக வந்தார். முறத்திலிருந்து அம்பை எடுத்தார். வழக்கம்போல அதைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் முதல் இறகில் போனது. இரண்டாவதில் போனது. மூன்றாவதில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. நுனியில் பூச்சி கடித்த பள்ளத்தில் வந்து நின்றது. அது அவர் கழித்து வீசிய இறகு, அவர் விரலுக்குத் தெரியாமல் இருக்குமா? பிறகு மஞ்சள் நூலுக்கு விரல் போனது. அவர் முடிச்சு எப்போதும் உள்பக்கம் இருக்கும். நான் போட்ட முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதையும் தடவினார். கடைசியில் இறகைக் கீழுதட்டில் வைத்தார். அதில் அந்தப் பையனின் ரத்தம் இருந்தது.

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேசப்போகிறாயா என்று கேட்கிற மாதிரிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பார்வை என்னை விட்டு, இடுப்பில் குழந்தையோடு நடுவில் நின்றவள் பக்கம் போனது.

"கலந்துகீது" என்றார். "ரெண்டு எடது, ஒண்ணு வலது. இந்த அம்பு எங்க எய்தாலும் ஆடும். எவன் எய்தாலும் ஆடும்."

"மஞ்ச நூல் கீதே?" என்றார் கவுண்டர்.

"என் நூல்தான்."

"எறகு கட்டுனது?"

"நான்தான்."

"பாக்கலியா நீ?"

"பாக்காம வுட்டுட்டேன்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. கவுண்டர் முன்னால் சாய்ந்தார். காவடி இறகின் ஞாபகம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"எங்க அம்புன்னா பின்னால வீசத் தெரியுது. இது தெரியலியா? இன்னா, கண்ணு மங்கிப்போச்சா?"

அந்த மனிதர் அம்பைத் திரும்ப முறத்தில் வைத்தார்.

"ஆமாங்க" என்றார். "கையும் மங்கிப்போச்சு."

மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எழுந்து நின்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எறகுக்காரர் காளிக்கு ஒரு ஆடு வெட்ட வேண்டும், இனி அம்பைத் தொடக்கூடாது, நூல் கட்டும் வேலை கவுண்டரின் மருமகனுக்கு என்று தீர்ப்பாயிற்று. அவர் இடுப்பிலிருந்து மஞ்சள் நூல்கண்டை எடுத்து முறத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நன்றாக வாய் கிழியக் கத்தத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு நாலு சொல் வரவில்லை. என் பெண்டாட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அவ்வளவு ஈனப்பிறவி நான்.

மறுநாள் விடியற்காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார், ஒற்றைக் கையால்.

"ணா, எனக்காகப் போயி..."

"உனக்காவா?" கோடரியைக் கீழே போட்டார். "உனக்காகன்னு நெனச்சிகினியா நாயே? நடுவுல நின்னா பாரு ஒருத்தி, அவளுக்காக. ரெண்டு பக்கமும் வில்லத் தூக்கியிருந்தா அவ எந்தப் பக்கம் ஓடுவா? எட்டிப் போ. என் கண்ணுல படாத."

ஒரு வருஷம் அவர் கண்ணில் படாமல் இருந்தேன். ஆனால் அவரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மனிதரை ஊர் படுத்தின பாடு கொஞ்சமா? கோழி இறகை நீட்டி, "இது எடதா வலதா, சொல்லு பாக்கலாம்" என்று எதிரில் வந்த பயலெல்லாம் கேட்டான். அவர் வாங்கிப் பார்ப்பார். கண்ணருகே கொண்டுபோய், முன்னும் பின்னும் திருப்பி, "தெரிலியேப்பா" என்பார். இருட்டில் உதட்டால் இடது வலது சொன்ன மனிதர்! கண் மங்கியவன் எப்படி நடப்பானோ அப்படியே நடக்கவும் ஆரம்பித்தார். கல்லைக் காலால் தடவித் தடவி நடப்பார். அண்ணிகூட நம்பிவிட்டாள். கேழ்வரகில் கல் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டார், கல்லோடு தின்றார்.

மச்சானின் கால் ஆறியது, கொஞ்சம் இழுத்து நடப்பான். அவ்வளவு நல்ல பையன், என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "உம் மேல சந்தேகப்பட்டுட்டேன் மாமா" என்று என் காலில் விழ வந்தான். நான் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டேன்.

அடுத்த வேட்டை வந்தது. கவுண்டரின் மருமகன் சோம்பேறி. வந்த அம்புக்கெல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டே நூல் கட்டினான். அந்த வருஷம் இரண்டு அம்பு ஆடிப் போய், ஒன்று விரட்டுகிறவன் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போனது. ஒருவரும் சாகவில்லை, காளி புண்ணியம். அன்றைக்கு எறகுக்காரரும் விரட்டுகிறவர்கள் வரிசையில் நடந்தார். இறங்கிய தோளோடு, கையில் தகரத்தோடு, எல்லோருக்கும் பத்தடி முன்னால். ஆடி வருகிற அம்பு முதலில் தன் மேல் படட்டும் என்றுதான் நடக்கிறார் என்பது எனக்கு மட்டும் புரிந்தது.

இனி தாங்காது என்று மறுநாளே அவர் வாசலில் போய் நின்றேன்.

"ஊரக் கூட்டி உண்மைய சொல்லிடறேன்ணா."

"சொல்லி?"

"உங்க மேல கீற பழி போவட்டும்."

"போவும். உன் மச்சான் மறுக்கா உன்ன அன்னிக்குப் பாத்த மாதிரி பாப்பான். எலி கடிச்ச கதைய எவன் நம்புவான்?"

எலி! நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் கோயில் முன்னால் தடவியபோதே, ஒட்டியிருந்த பாதி இறகை நான் சுரண்டிய இடத்தில் அவர் விரல் எலியின் பல்தடத்தைப் பார்த்திருக்கிறது.

"அந்தப் பேச்ச வுடு" என்றார். "கவுண்டர் மருமவன் ஒரு சோம்பேறி. எறகு பொறுக்கற வேலைய நான் பாத்துக்கறேன்னு நீ சொல்லு, சந்தோசமா வுட்டுடுவான். ஊர் எறகெல்லாம் உன் வூட்டுக்கு வரட்டும். நீ இங்க கொண்டா."

அப்படித்தான் ஆரம்பித்தது. வருஷம் முழுக்க ஊர் பொறுக்கிய இறகுகளை மூட்டையாகக் கட்டி, விறகுக் கட்டுக்குள் மறைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோவேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உட்காருவோம். எனக்கு மரியாதை ஒன்றும் கிடையாது. "மூச்ச அந்தப் பக்கம் வுடு, எறகு பறக்குது" என்பார். அதுதான் பேச்சு. ஊரில் எனக்குத்தான் நல்ல பெயர். இவன் கை வந்த பிறகு ஒரு அம்பும் ஆடவில்லை என்றார்கள். என் பெண்டாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். போன தை மாசம் மச்சானும் போய்விட்டான். அதனால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

அப்படி உட்கார்ந்த அந்த நாட்களில் ஒரு பகல், நல்ல மழை. பெரிய மூட்டை. அவர் சாமைக் காட்டைப் பார்க்க முடியாததால் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார். கட்டைவிரல், கீழுதடு. எடது. வலது. எடது. அரை நாள் வேலை முடிந்து தரையில் இரண்டு குவியல், நேராக. அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. வசம்புத் துண்டை எடுத்துக் கட்டலாம் என்று கையை நீட்டினார்.

வாசலில் காலை இழுத்து நடக்கிற சத்தம். என் மச்சான்தான், மழைக்கு ஒதுங்க வந்திருக்கிறான். கதவைத் தள்ளினான்.

அவன் தலை உள்ளே வருவதற்குள் அந்த மனிதர் இரண்டு கையையும் நீட்டி, இரண்டு குவியலையும் ஒன்றாக வாரிக் கலக்கிவிட்டார்.

"இன்னா பெரிய மாமா, மாமாவோட சேந்து எறகு பாக்கறீங்களா?" மச்சான் சிரித்தான். குனிந்து ஒன்றை எடுத்து நீட்டினான். "எங்க, இது எந்தப் பக்கம் சொல்லுங்க பாக்கலாம்."

அவர் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரிலியேடா" என்றார். "கால் வலி எப்படிகீது? மழைக்குக் கொடையுதா?"

"இல்ல மாமா. நல்லாத்தான் கீது."

மழை விடும்வரை அவன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனான். காலை இழுத்துப்போகிற சத்தம் சரிவில் இறங்கி மறையும்வரை அவர் அசையவில்லை. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். கலந்து கிடந்த அவ்வளவு இறகுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எடுறா ஒண்ணொண்ணா" என்றார். "மறுக்கா பாக்கலாம்."